மெழுகு பூசாமல் விட்ட வட்டம்

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயடியில் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றினேன். காப்பி போட்டுக்கொண்டேன். முன்பெல்லாம் ஞாயிறு என்றால் அடுத்தபடியாகப் பாசார் சந்தைக்குப் போவோம். ஓர் ஆளுக்கு வேண்டிய காய்கறி முனைக்கடையிலேயே கிடைத்துவிடும் என்பதால் கார்த்திகை மாதத்திலிருந்து அந்த வழக்கம் நின்றுவிட்டது. வெளிச்சம் நன்றாக வந்தபின் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டை ஒட்டியிருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குப் போனேன். என்னுடைய சிறிய கார் அங்கேதான் நிற்கும். அதன் பின்பக்கத்து மட்கார்டின் மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றினேன்.

அந்த மட்கார்டில் பொங்கல் முடிந்த வாரத்தில் நான்கு பட்டைகள் பிரித்திருந்தேன். முதல் பட்டையில் ஒன்றும் பூசவில்லை. இரண்டாவதில் சீனர் கடையில் வாங்கிய தண்ணீர் போன்ற பாலிஷ். மூன்றாவதில் தேன்மெழுகை டர்ப்பன்டைனில் கரைத்து நானே செய்த குழம்பு. நான்காவதில் பத்து ரோடு என்ற தெருவிலுள்ள மோட்டார் சாமான் கடையிலிருந்து வாங்கிய, டப்பாவில் வரும் கெட்டி மெழுகு. அன்று முதல் மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். மெழுகு இருக்கிற இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். மெழுகு போய்விட்ட இடத்தில் தட்டையாகப் பரவிவிடும்.

பாலிஷ் முதல் பெருமழைக்கே போயிற்று. தேன்மெழுகு பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நண்பகல் வெயிலில் இளகி, ரயில் எஞ்சின்கள் ஊதித் தள்ளும் கரித்தூளையெல்லாம் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டது. ரயில் பட்டறையை ஒட்டிய எங்கள் பிரிக்பீல்ட்ஸில் வெளியே காயப்போட்ட வேட்டியில்கூட மாலைக்குள் புள்ளி விழுந்துவிடும். தைப்பூசத்தன்று பத்துமலை போய்வந்த பிறகு அந்தப் பட்டையைத் தொட்டால் உப்புத்தாள் போல இருந்தது. கெட்டி மெழுகு ஒன்றுதான் அன்று காலையிலும் தண்ணீரை முத்தாக நிறுத்தியது. ஒன்றுமே பூசாத பட்டையை விரலால் தடவினேன். விரலில் நீலப் பொடி வந்தது. வெயில் சாயத்தைப் பொடியாக்கிக்கொண்டிருந்தது.

ஒரு காருக்கு மெழுகு தேர்ந்தெடுக்க இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அப்போது நான் பதில் சொன்னதில்லை. காரின் முன்பக்கத்தில், எஞ்சினை மூடியிருக்கும் பானட்டின் மேல், ரேடியேட்டருக்கு அருகே ஒரு கறை இருந்தது. ஒரு சிறிய நாணயத்தின் அளவு. வெளிறிய வட்டம், அதன் நடுவே மங்கிய சிவப்பு. அது என் மனைவி வைத்த பொட்டு. அவள் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

கார் அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து வாங்கியது, அடர்ந்த நீல நிறம். வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்து பானட்டில் அப்பினாள். பிறகு மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு அதன் நடுவே அழுத்தினாள். நான் ஈரத்துணியோடு நின்றேன்.

"துணிய உள்ள வைங்க. வச்ச பொட்ட யாராச்சும் துடைப்பாங்களா? காஞ்சு தானா உதிரட்டும்."

"பெயிண்டு கெட்டுப்போயிரும்."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. மனுசனுக்கு வைக்கிறோம், தோல் உரிஞ்சா போச்சு?"

அன்றே காரைக் காட்ட அவளுடைய அண்ணன் கடைக்குப் போனோம். கிள்ளானில் அவருக்கு மளிகைக் கடையும் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் ஒரு லோரியும் உண்டு. கார் கடை வாசலில் மாலை வரை வெயிலில் நின்றது. சந்தனம் காயும்போது இறுகிச் சுருங்கும். குங்குமத்தில் சுண்ணாம்பு சேர்ந்திருக்கும். இரண்டும் கொதிக்கிற தகட்டின் மேல் கிடந்து சாயத்தைப் பிடித்துக்கொண்டன. வீடு திரும்பும் வழியில் சந்தனம் உதிர்ந்தது, தடம் உதிரவில்லை. அவள் இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நெத்தியில அடிபட்ட புள்ள மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போவட்டும், நம்ம வண்டின்னு தூரத்துலயே அடையாளம் தெரியும்ல?" எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நல்ல மழை. முன் இருக்கையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. "மழையிலகூட போகல, பாத்தீங்களா?" என்றாள். பொட்டைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றில் பாதி காய்ச்சலில் சொன்னவை.

அவளுடைய புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சேலைகள் இருக்கின்றன. விளக்கும் சந்தனக் கல்லும் இருக்கின்றன. இவை எதிலும் அவளுடைய விரல் இல்லை. காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது அந்தச் சிவப்புக்குள் சில மெல்லிய கோடுகள் தெரியும். அவை ரேகைகள் என்றுதான் நான் நினைத்தேன்.

மார்கழியில்தான் கவனித்தேன், கறை வெளுத்துக்கொண்டு வந்தது. அலுவலக வாசலில் நிழல் கிடையாது. நாள் முழுவதும் கார் வெயிலில் நிற்கும். தை பிறந்தால் இன்னும் கடும் வெயில், மாசியில் அதைவிட. சும்மா விட்டால் வெயில் தின்றுவிடும். மெழுகு பூசித் தேய்த்தால் துணியோடு கொஞ்சம் போகும், ஏனென்றால் அந்தச் சிவப்பு, காரின் சாயத்துக்கு மேலே இல்லை, சாயத்துக்குள் ஊறியிருந்தது. இரண்டு வழியிலும் போவதுதான். எந்த மெழுகு அதிக நாள் நிற்குமோ அதைப் பூசினால் அடுத்த தேய்ப்பு அவ்வளவுக்குத் தள்ளிப்போகும். ஆகவே, நீடித்து நிற்கிற மெழுகு எது என்று தெரிந்துகொள்வது எனக்கு அவசியமாயிற்று.

மோட்டார் சாமான் கடையில் இருந்தவர் நம்மவர், வாயாடி. கெட்டி மெழுகு டப்பாவை எடுத்து மேசைமேல் தட்டிக் காட்டினார். பிரேசில் தேசத்துப் பனை ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகாம், அதனால்தான் வெயிலுக்கு இளகாதாம். டப்பாவின் மேல் கோடைக்காலம் முழுவதும் சாயத்தைக் காக்கும் என்று இங்கிலீஷில் அச்சிட்டிருந்தது.

"இது யாரு ஊரு கோடை?" என்று கேட்டேன்.

"சீமைக் கோடைதான் சார். அங்க வெயில் அடிச்சா பேப்பர்ல போடுவான். இங்க அதுல பாதி நாள் நிக்கும்னு வச்சுக்குங்க."

"பூசறதுக்கு முன்னால என்ன செய்யணும்?"

"இந்தக் களிம்பப் போட்டு நல்லா அழுத்தித் தேய்க்கணும். மேல இருக்கற அழுக்கு, கறை எல்லாம் வெட்டி எடுத்துரும். அப்பத்தான் மெழுகு புடிக்கும்."

"களிம்பு இல்லாம பூசினா?"

"அதுக்கு வண்டியில அழுக்கில்லாம இருக்கணும். எங்க இருந்து வர்றீங்க? பிரிக்பீல்ட்ஸா? அப்ப சரிதான்!" என்று சிரித்தார்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும், துணி எதுவாக இருக்கவேண்டும், டப்பா காய்ந்துபோனால் என்ன செய்வது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில், "சார், கோவிச்சுக்காதீங்க. பொண்டாட்டிக்குப் பவுடர் வாங்குறவன்கூட இத்தன கேள்வி கேக்கமாட்டான் லா" என்றார். கடையிலிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் புன்னகை செய்துவிட்டு, களிம்பை வேண்டாமென்று சொல்லி மெழுகு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதற்கு நடுவே கிள்ளானிலிருந்து மச்சான் வந்து போனார். அவருடைய மகளுக்கு மாசிக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் மனைவி உயிரோடிருந்தபோதே பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார் வேண்டும் என்றார். அது என் மனைவியே கொடுத்திருந்த வாக்கு. காரைக் கொண்டுபோய்த் தன் லோரிப் பட்டறையில் விட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவதாகவும் சொன்னார். நான் வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்றேன். "ஏன், என் ஆளுங்க கை பட்டா உங்க கார் கரைஞ்சு போயிருமோ?" என்று கேட்டுவிட்டுக் காப்பியை முழுவதும் குடிக்காமல் போய்விட்டார். காரணம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் முடிக்க முடியுமா என்று எனக்கு அப்போது நிச்சயமில்லை.

பதினாறாம் தேதி காலை மட்கார்டைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. காரை நிழலில் நிறுத்திக் கழுவித் துடைத்தேன். பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தகடாக மெழுகைப் பூசி, அது காய்ந்து வெள்ளையாகப் புகை போலப் படர்ந்ததும் பிளானல் துணியால் துடைத்தேன். துணி நீலமாகிக்கொண்டே வந்தது. கதவுகள், கூரை, முன் மட்கார்டுகள் எல்லாம் முடிந்தன. பானட்டிலும் பூசினேன், பொட்டைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் விட்டுவிட்டு. அங்கே கை போகவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது தெருவில் லோரிச் சத்தம் கேட்டது.

மச்சான் இறங்கி வந்தார். கையில் வாழை இலைக் கட்டு. போன தடவைக் கோபத்தை மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள உரக்கப் பேசினார்.

"என்ன மாப்ளே, கல்யாணம் என் மவளுக்கா, இந்தக் காருக்கா?"

"வாங்க மச்சான். உக்காருங்க."

"உக்காரவா வந்தேன்? இலையில இட்லி இருக்கு, எங்க வீட்டுக்காரி குடுத்துவிட்டா. ஒத்த ஆளு என்னத்தத் தின்னுறீங்களோன்னு பொலம்புறா." காரைச் சுற்றி வந்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. பட்டறைக்காரன் தோத்தான். மூஞ்சிகூடத் தெரியுதுலா! அட, இது என்ன, நடு மண்டையில சொட்டை?"

"அது இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? கல்யாண ஊர்கோலத்துல முன்னாடி போற வண்டி. மாப்பிள்ளை வீட்டுக்காரன் இதத்தான் மொதல்ல பாப்பான். கறை பாருங்க, நல்லாக் கெட்டியா புடிச்சிருக்கு. உங்களுக்குக் கை வலிக்குதுன்னா சொல்லுங்க. குடுங்க அத."

என் கையிலிருந்த துணியை வாங்கி, நான் வாயெடுப்பதற்குள் வட்டத்தின் மேல் வைத்து ஒரு தடவை அழுத்தி இழுத்துவிட்டார்.

"கைய எடுங்க மச்சான்!"

அவரிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு துணியைப் பார்த்தார். நீலக் கறைகளுக்கு நடுவே ஓரிடத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"குங்குமமா?"

"உங்க தங்கச்சி வச்சது."

அவர் காரின் படிப்பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். பெரிய உடம்பு; கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எப்ப வச்சது?" என்று கேட்டார்.

"வண்டி வந்த அன்னிக்கு. உங்க கடை வாசல்லதான் வெயில்ல காஞ்சுச்சு."

"நாந்தான் அங்க நிறுத்தச் சொன்னேன். நெழலுக்குத் தள்ளட்டுமான்னு கேட்டீங்க. இருக்கட்டும், நாலு பேரு பாத்துட்டுப் போவட்டும்னேன்." சிரிக்கப் பார்த்தார். "அவ வச்சா அப்பிடித்தான் மாப்ளே. சந்தனத்த அப்பிருவா. தீவாளிக்கு எனக்கு வச்சு விட்டா, நெத்தியில தோசை ஊத்துன மாதிரி கெடக்கும். கடைக்கு வர்றவன்லாம் கேப்பான், தவுக்கே மொதலாளி, சட்னி எங்கன்னு."

இருவரும் சிரித்தோம். அதன் பின் அவர் மேல்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நான் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். கழுவ வேண்டியிருந்தது என்பதற்காகப் போகவில்லை.

திரும்பி வந்தபோது அவர் எழுந்து பானட்டின் முன்னால் நின்றிருந்தார். கறையின் மேல் தன் மோதிர விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை.

"சின்ன விரலு" என்றார். "சும்மா விட்டுருங்களேன் மாப்ளே. எவன் கேட்டா என்ன? மாப்பிள்ளை வீட்டுக்காரன்ட்ட நான் பேசிக்கிறேன்."

அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய் ஒன்றும் பூசாத பட்டையைக் காட்டினேன். தடவச் சொன்னேன். விரலில் நீலம் வந்தது.

"சும்மா விட்டா இப்பிடித்தான் போவும். இன்னும் ரெண்டு வெயில் காலம் தாங்காது. தேய்ச்சா, நீங்களே பாத்தீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"இந்த மெழுகு ஒண்ணுதான் நிக்குது. ஒரு தடவ போட்டா ரொம்ப நாளைக்குத் திரும்பத் தொடவேணாம். ஆனா அந்த ஒரு தடவ தொட்டாகணும்."

"இதுக்காகவா என் பட்டறைக்கு விடமாட்டேன்னீங்க?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் அவ ஒருத்திதானே."

அவரே டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "போடுங்க. நான் இருக்கும்போதே போடுங்க."

டப்பாவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து மெழுகை இளகவிட்டேன். அப்படிச் செய்தால் தேய்க்க வேண்டியதில்லை, தொட்டு வைத்தாலே படியும். விரல் நுனியில் எடுத்து, கறையின் மேல் ஒற்றி ஒற்றி வைத்தேன். வெள்ளையாகப் புகை படர்ந்து பொட்டு முழுவதும் மறைந்துபோயிற்று. அது காய்கிற வரையில் மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதே துணியின் சுத்தமான ஓரத்தைச் சுருட்டி, ஒரே ஒரு தடவை, காற்றை விலக்குவது போலத் துடைத்தேன்.

"வந்துச்சா?"

துணியைத் திருப்பிப் பார்த்தேன். "வந்திருக்கு. கொஞ்சம்."

வட்டம் அப்படியே இருந்தது. சிவப்பும் இருந்தது, முன்பைவிட ஒரு படி மங்கலாக. சாய்ந்து நின்று, வெளிச்சம் குறுக்கே விழும்படி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மெல்லிய கோடுகளை மட்டும் காணவில்லை. மெழுகு அவற்றை நிரப்பிவிட்டதா, துணி எடுத்துக்கொண்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மச்சானிடம் அதைச் சொல்லவும் இல்லை. ரேகை தெரிந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

இட்லியை இருவரும் சாப்பிட்டோம். பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. பெண்கள் காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்களே என்று அவரே கவலைப்பட்டார்.

"வைக்கட்டும் மச்சான். கல்யாண வண்டி, வைக்காம இருக்கமுடியுமா?"

"பின்னாடி டயர்கிட்ட வைக்கச் சொல்றேன். மாலையையும் விளக்குல கட்டச் சொல்றேன். இந்தப் பக்கம் ஒருத்தியையும் அண்டவிடமாட்டேன். நானே நிப்பேன்." சொல்லிவிட்டு, "ஆரத்தி எடுக்கத்தான் ஆள் இல்ல. அத்தைக்காரி எடுக்கவேண்டியது" என்றார். அத்தை என்றது என் மனைவியை.

நான்கு மணிக்குப் புறப்பட்டார். லோரியில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார்.

"அந்த அழுக்குத் துணியக் குடுங்க. போற வழியில போட்டுர்றேன்."

எங்கள் வீட்டில் குப்பைக்கூடை இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். நான் துணியை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பக்கம் உள்ளே போகும்படி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். லோரி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்திருந்தேன். எதையும் வெளியே எறியவில்லை.

மாலையில் குவளைத் தண்ணீரைப் பானட்டின் மேல் ஊற்றினேன். எல்லா இடத்திலும் முத்து முத்தாக நின்றது, பொட்டின் மேலும். என் தேர்வில் தவறில்லை. இரவு நாட்குறிப்பில் மெழுகின் வகை, பூசிய விதம், இரண்டையும் எழுதினேன். கோடுகளைப் பற்றி எழுதவில்லை.

கொட்டகை கிழக்குப் பார்த்தது. காலையில் சுலபமாக எடுக்கலாம் என்பதற்காகக் காரை எப்போதும் வெளிப்பக்கம் பார்த்தே நிறுத்துவேன். எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுழற்றவும் அதுதான் வசதி. ஆனால் காலை வெயில் முதலில் பானட்டின் மேல்தான் விழும்.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும், குளிப்பதற்கும் விளக்கேற்றுவதற்கும் முன்னால், காரை வெளியே எடுத்துச் சந்தில் திருப்பி, முன்பக்கம் உள்ளே சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். கைப்பிடி போட இடமில்லை. இனி ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளித்தான் எடுக்கவேண்டும். பிறகு குளிக்கப் போனேன். அன்று அலுவலகத்துக்கு நடந்து சென்றேன்.